உண்ண மறுப்பவரா, உண்ண முடியாதவரா? உடல் மெலிவினால் ஏற்படும் அரிய குடலடைப்பு

உணவு உண்ணாதவர் மெலிந்து போவார் என்பது எவரும் அறிந்த உண்மையாகும். ஆயின், அளவுக்கு மீறி மெலிந்து போனமையாலேயே ஒருவர் உண்ண முடியாதவராகிவிடக்கூடும் என்பது நம்மில் பலர் அறியாத உண்மையாகும். உடலின் கொழுப்பு கரைந்து போவதனால் சிறுகுடலின் தொடக்கப் பகுதி இரண்டு பெரிய குருதிக்குழாய்களுக்கு இடையில் நசுங்கி அடைபடும் நோயொன்று உண்டு. வைத்திய உலகம் இதனை 'சுப்பீரியர் மெசென்ட்ரிக் ஆர்ட்டரி சிண்ட்ரோம்' என்று அழைக்கின்றது. இதனை விரிவாக ஆராய்ந்த ஸ்கொட்லாந்து நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணரின் பெயரால் 'வில்கி நோய்' என்றும் கூறுவர். இக்கட்டுரையில் நாமும் அவ்வாறே குறிப்பிடுவோம்.

இது ஓர் அரிய நோயாகும். மேல் உணவுக்கால்வாயைப் பேரியம் கொடுத்துப் படமெடுத்துப் பார்த்த ஆய்வுகளில், பரிசோதிக்கப்பட்டோருள் 0.013 முதல் 0.3 சதவீதமானோரிடமே இது காணப்பட்டதாகக் கணிக்கப்பட்டுள்ளது. அதாவது, பத்தாயிரம் பேரைப் பரிசோதித்தால் ஒருவர் முதல் முப்பது பேர் வரையிலேயே இதற்கு ஆளாகியிருப்பர். அவ்வாறாயின் இத்தகைய நோயைப் பற்றிப் பொதுமக்கள் அறிய வேண்டிய தேவை என்ன என்ற கேள்வி எழுவது இயல்பே.

தேவை இருக்கின்றது. இந்நோயாளர்களுட் பலர் இளவயதினர். அவர்களிலும் பெண்களே அதிகம். சாப்பிட்டதும் வயிறு நோகின்றது என்று கூறும் ஒரு மெலிந்த பெண்பிள்ளையைப் பார்த்து, "அவளுக்குச் சாப்பிட மனமில்லை, அழகுக்காகப் பட்டினி கிடக்கின்றாள்" என்று தீர்ப்பளிப்பது வீட்டாருக்கும் அயலாருக்கும் மிக எளிதாகும். சில வேளைகளில் வைத்தியர்களும் அதே முடிவுக்கு வந்துவிடுகின்றனர். குடல் அடைபட்டிருக்கும் ஒருவரை உண்ண மறுப்பவர் எனக் கருதிவிடும் இத்தவறுக்கு, நோயாளி தமது உயிரையே விலையாகக் கொடுக்க நேரலாம்.

கவட்டையினுள் செல்லும் குடல்

இந்நோயை விளங்கிக்கொள்வதற்கு வயிற்றின் அமைப்பைச் சிறிது அறிந்திருத்தல் வேண்டும். இரைப்பையை விட்டு வெளியேறும் உணவு முதலில் சென்றடைவது முன்சிறுகுடலையாகும். ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் நீளமான இப்பகுதி, குதிரை லாடம் போன்று வளைந்து சதையியைச் சுற்றிச் செல்கின்றது. ஈரலிலிருந்து வரும் பித்தமும் சதையியின் சமிபாட்டுச் சாறும் இதன் இரண்டாம் பகுதியில் வந்து கலக்கின்றன. அதற்கடுத்த மூன்றாம் பகுதி, முள்ளந்தண்டுக்கு முன்னால் வலப்புறத்திலிருந்து இடப்புறமாகக் குறுக்கே கடந்து செல்கின்றது. சிக்கல் தோன்றுவது இந்த மூன்றாம் பகுதியிலேயாகும்.

இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி முள்ளந்தண்டின் முன்புறமாகக் கீழிறங்குகின்றது. வயிற்றினுள் அதன் முற்பக்கத்திலிருந்து ஒரு கிளை பிரிந்து, முன்னோக்கிச் சரிந்து கீழே செல்கின்றது. சிறுகுடலைத் தாங்கி நிற்கும் மடிப்பினூடாகச் சென்று, சிறுகுடலின் பெரும்பகுதிக்கும் பெருங்குடலின் வலப்பகுதிக்கும் குருதி வழங்கும் இக்கிளையே மேல் குடல்தாங்கி நாடியாகும். கவட்டைத் தடியொன்றைத் தலைகீழாகப் பிடித்தால் எவ்வாறு இருக்குமோ, அவ்வாறே பெருநாடியும் இக்கிளை நாடியும் அமைந்திருக்கின்றன. அந்தக் கவட்டையின் இடைவெளியினூடாகவே முன்சிறுகுடலின் மூன்றாம் பகுதி செல்கின்றது. இடது சிறுநீரகத்திலிருந்து வரும் நாளமும் அதே கவட்டையினூடாகவே, சற்று மேலாகச் செல்கின்றது.

உடல்நலமுள்ள ஒருவரில் இந்தக் கவட்டையின் கோணம் பொதுவாக 38 முதல் 65 பாகை வரை இருக்கும். குடல் கடந்து செல்லும் இடத்தில் இரு நாடிகளுக்கும் இடைப்பட்ட தூரம் 10 முதல் 28 மில்லிமீற்றர் வரை இருக்கும். இந்த இடைவெளியை விரித்து வைத்திருப்பதில் பெரும்பங்கு வகிப்பது அங்கே திணிந்திருக்கும் கொழுப்பாகும். மெத்தைக்குள் அடைக்கப்பட்ட பஞ்சைப் போன்று அது கிளை நாடியைப் பெருநாடியிலிருந்து தள்ளிப் பிடித்துக் குடலுக்கு வழிவிடுகின்றது.

உடல் கடுமையாக மெலியும்போது தோலின் கீழுள்ள கொழுப்பு மாத்திரம் கரைவதில்லை. உள்ளுறுப்புகளைச் சூழ்ந்துள்ள கொழுப்பும் கரைகின்றது. கவட்டையினுள் இருந்த கொழுப்பு மெத்தை மறையவே, கிளை நாடி பெருநாடியை நோக்கிச் சரிகின்றது. கோணம் 25 பாகைக்குக் கீழும், இடைவெளி 8 மில்லிமீற்றர் அல்லது அதற்குக் கீழும் குறைந்துவிட்டால், இரு நாடிகளுக்கும் இடையில் குடல் நசுங்கும் நிலை உருவாகின்றது. உணவும் பித்தமும் சமிபாட்டுச் சாறுகளும் கீழே செல்ல வழியின்றித் தேங்குகின்றன. முன்சிறுகுடலும் இரைப்பையும் வீங்கிப் பெருக்கின்றன.

இதன் விளைவு ஒரு நச்சு வட்டமாகும். மெலிவினால் குடல் அடைபடுகின்றது. குடல் அடைபட்டமையால் உண்ண முடிவதில்லை. உண்ண முடியாமையால் மேலும் மெலிவு ஏற்படுகின்றது. மேலும் மெலியவே அடைப்பு மேலும் இறுகுகின்றது. வெளியிலிருந்து எவரேனும் குறுக்கிட்டாலன்றி இந்த வட்டம் தானாக உடைவது அரிது.

வியன்னாவிலிருந்து எடின்பரோ வரை

இத்தகைய அடைப்பை முதன்முதலில் விபரித்தவர் கார்ள் வொன் றொகிடன்ஸ்கி என்பவராவார். ஒஸ்ரியாவின் வியன்னா நகரில் பல்லாயிரக்கணக்கான பிரேத பரிசோதனைகளின் வாயிலாக நோய்களின் உடற்கூற்று அடிப்படையை ஆராய்ந்த இவர், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதனைக் குறிப்பிட்டார். உயிரோடிருப்பவரின் வயிற்றினுள் பார்க்க வழியில்லாத அக்காலத்தில், இறந்தவரின் உடலே இந்நோய்க்குச் சாட்சியாக இருந்தது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சத்திரசிகிச்சை வளர்ச்சியுற்றதோடு நிலைமை மாறியது. அடைபட்ட முன்சிறுகுடலை அடைப்புக்கு அப்பாலுள்ள இடைச்சிறுகுடலுடன் இணைத்து மாற்றுவழி அமைக்கும் சிகிச்சையை 1908ஆம் ஆண்டில் ஸ்ரேவ்லி என்ற அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் மேற்கொண்டார். எடின்பரோப் பல்கலைக்கழகத்தின் சத்திரசிகிச்சைப் பேராசிரியராக விளங்கிய சேர் டேவிட் வில்கி, 1927ஆம் ஆண்டில் 75 நோயாளர்களைப் பற்றிய விபரங்களைத் தொகுத்து வெளியிட்டார். நோயின் குணங்குறிகளையும் சிகிச்சையையும் ஒழுங்குபட எடுத்துரைத்த அத்தொகுப்பினாலேயே நோய்க்கு அவருடைய பெயர் நிலைத்தது.

இத்தகைய வரலாறு இருந்தும், இப்படியொரு நோய் தனியாக இருக்கின்றதா என்ற ஐயம் வைத்தியர்களிடையே நெடுங்காலம் நிலவியது. அவ்வையம் முற்றிலும் நியாயமற்றது என்று கூறுவதற்கில்லை. மெலிந்த உடல்வாகுடைய பலரில் இந்தக் கோணம் குறுகியே இருக்கும். எனினும் அவர்களுக்கு எவ்வித உபாதையும் இருப்பதில்லை. வயிற்றுவலிக்கு வேறு காரணம் இருக்கையில், படத்தில் தெரியும் குறுகிய கோணத்தின் மீது பழியைச் சுமத்திச் சத்திரசிகிச்சை செய்தால் பயன் கிட்டாது. ஆகவே, இந்நோயை மறுப்பது எவ்வளவு ஆபத்தானதோ, ஆராயாமல் இதனைச் சூட்டிவிடுவதும் அவ்வளவு தவறானதாகும்.

யாருக்கு வருகின்றது?

மெலிந்தவர் அனைவருக்கும் இந்நோய் வருவதில்லை. பிறவியிலிருந்தே ஒல்லியாக இருந்து, உண்டு, உழைத்து, நலமாக வாழ்பவர் இதனையிட்டு அஞ்ச வேண்டியதில்லை. குறுகிய காலத்தில் உடல் நிறை பெருமளவில் குறைவதே முக்கிய காரணமாகும். அக்குறைவு எந்தக் காரணத்தால் ஏற்பட்டாலும் விளைவு ஒன்றேயாகும்.

புற்றுநோய், காசநோய், எயிட்ஸ், குடலில் போசணை உறிஞ்சப்படாமற் போகும் நோய்கள் என்பன உடலை உருக்கும் நோய்களுட் சிலவாகும். கடுமையான தீக்காயங்களும் பெரும் விபத்துகளும் சில வாரங்களிலேயே உடலின் சேமிப்பைக் கரைத்துவிடுகின்றன. வியட்நாம் போரில் படுகாயமுற்ற படையினரிடமும் இந்நோய் காணப்பட்டதாக அக்கால வைத்திய ஏடுகள் பதிவு செய்துள்ளன. காயத்தினால் உடல் கரைந்ததோடு, நாட்கணக்கில் மல்லாந்து படுத்திருந்தமையும் அவர்களுடைய குடலை நசுக்கியது.

முண்ணாண் பாதிக்கப்பட்டு நீண்டகாலம் படுக்கையில் இருப்போரும் இவ்வாபத்துக்கு உரியவர்களே. 2009ஆம் ஆண்டு வரை நீடித்த போர், நமது நாட்டில் இத்தகைய பலரை விட்டுச் சென்றிருக்கின்றது. விபத்துகளும் மரத்திலிருந்து விழுதலும் இன்னும் அத்தொகையைக் கூட்டிக்கொண்டிருக்கின்றன. அவர்களைப் பராமரிப்போர், புதிதாகத் தோன்றும் வாந்தியையும் வயிற்று வீக்கத்தையும் படுக்கையோடு வரும் சாதாரண உபாதையாகக் கருதிவிடலாகாது.

வளைந்த முள்ளந்தண்டை நிமிர்த்தும் சத்திரசிகிச்சைக்குப் பின்னரும் இந்நோய் தோன்றுவதுண்டு. முள்ளந்தண்டு நீளும்போது கிளை நாடி இழுபட்டுக் கோணம் சுருங்குவதே இதற்குக் காரணமாகும். வளரும் பருவத்து மெலிந்த பிள்ளைகளே பெரும்பாலும் இச்சிகிச்சைக்கு உட்படுவதால் அவர்களிடத்தில் கூடிய கவனம் தேவைப்படுகின்றது. உடலைச் சுற்றி மாக்கட்டுப் போடப்பட்டவர்களிடம் இதனைக் கண்ட வைத்தியர்கள், 1950ஆம் ஆண்டிலிருந்து 'காஸ்ட் சிண்ட்ரோம்' என்றும் இதனை அழைத்து வந்துள்ளனர். பருமனைக் குறைப்பதற்கான சத்திரசிகிச்சைக்குப் பின்னர் விரைவாக மெலிந்தவர்களிடமும் இந்நோய் பதிவாகியுள்ளது. சிலரில் முன்சிறுகுடலைத் தூக்கிப் பிடிக்கும் இணையம் பிறவியிலேயே உயரத்தில் அமைந்திருப்பதால், அதிகம் மெலியாமலே இந்நோய் ஏற்படலாம்.

இறுதியாக, 'அனொரெக்சியா நெர்வோசா' எனப்படும் உளநோயைக் குறிப்பிட வேண்டும். உடல் பருத்துவிடுமோ என்ற அச்சத்தினால் உணவைத் தவிர்க்கும் இந்நோயாளர்கள் கடுமையாக மெலிவர். அம்மெலிவே அவர்களுக்கு வில்கி நோயைக் கொண்டுவரக்கூடும். அதன்பின் அவர்கள் உண்ண விரும்பினாலும் குடல் இடங்கொடாது. மறுபுறத்தில், உளநோய் எதுவுமின்றி வில்கி நோயால் மெலிந்த ஒருவர், சாப்பாட்டைக் கண்டு அஞ்சுவதால், அனொரெக்சியா நோயாளி எனத் தவறாக முத்திரை குத்தப்படுவதும் உண்டு. முன்னவருக்கு இரண்டு சிகிச்சைகளும் தேவை. பின்னவருக்கு வேண்டியது முதலில் அவரை நம்புவதேயாகும்.

குணங்குறிகள் கூறும் செய்தி

உணவு உண்ட சிறிது நேரத்தில் மேல்வயிற்றில் வலியும் ஊதலும் ஏற்படுதல், சில கவளங்களிலேயே வயிறு நிரம்பியதாகத் தோன்றுதல், குமட்டல், ஏவறை, வாந்தி என்பன இந்நோயின் முக்கிய குணங்குறிகளாகும். சிலருக்கு இவை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் விட்டுவிட்டு வரும். வேறு சிலருக்கு ஓரிரு நாட்களிலேயே கடுமையாகும்.

இவற்றுட் பல, 'காஸ்ட்ரைட்டிஸ்' என்று நாம் பொதுவாகக் கூறும் இரைப்பை அழற்சியிலும் காணப்படுவனவே. அதனாலேயே இந்நோயாளர்கள் பலகாலம் அமிலத்தைக் குறைக்கும் குளிசைகளோடு காலங்கடத்துகின்றனர். ஆயினும் வேறுபடுத்தி அறிய உதவும் மூன்று அடையாளங்கள் உண்டு.

முதலாவது வாந்தியின் நிறம். அடைப்பு, பித்தம் வந்து கலக்கும் இடத்துக்கு அப்பால் இருப்பதனால், வாந்தி பெரும்பாலும் பச்சை அல்லது பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் இருக்கும். பலமணி நேரத்துக்கு முன்னர் உண்ட உணவும் அதில் காணப்படலாம். பச்சை நிற வாந்தி எவருக்கு ஏற்பட்டாலும், குறிப்பாகச் சிசுக்களுக்கு ஏற்பட்டால், எந்தக் காரணத்தையும் வீட்டில் ஊகித்துக் கொண்டிராமல் உடனடியாக வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

இரண்டாவது, உடல் நிலையோடு வலி மாறுதல். மல்லாந்து படுத்தால் வலி கூடும். இடப்பக்கம் சரிந்து படுத்தாலோ, குப்புறப் படுத்தாலோ, முழங்கால்களை மார்போடு சேர்த்துக் குனிந்திருந்தாலோ வலி தணியும். கிளை நாடி பெருநாடியிலிருந்து விலகிக் குடலுக்குச் சற்று வழிவிடுவதே இதற்குக் காரணமாகும். நோயாளிகள் பலர் எவரும் கற்பிக்காமலே இந்நிலையைக் கண்டுபிடித்து, சாப்பிட்டதும் அவ்வாறு சுருண்டு கிடப்பர். அதனைச் சோம்பல் என்றோ நடிப்பு என்றோ வீட்டார் ஏசுவதுண்டு. அது நோய் தரும் வாக்குமூலம் என்பதை உணர வேண்டும்.

மூன்றாவது, இவற்றோடு சேர்ந்த நிறைக்குறைவு. உடல் நிறை குறைந்த பின்னர் வலி தொடங்கியதா, வலி தொடங்கிய பின்னர் நிறை குறைந்ததா என்ற கேள்விக்கான விடை வைத்தியருக்குப் பெரிதும் உதவும். துரதிர்ஷ்டவசமாக, அநேகருக்கு அவ்விடை தெரிவதில்லை. தமது நிறையை அவர்கள் ஒருபோதும் குறித்து வைத்ததில்லை.

நோயைக் கவனியாது விட்டால் விளைவு கடுமையாகும். ஓயாத வாந்தியினால் உடலின் நீரும் பொற்றாசியம் முதலிய உப்புகளும் குறைந்து இதயத்தின் துடிப்பே குழம்பக்கூடும். வாந்தி சுவாசப்பைக்குள் சென்று நியூமோனியாவை உண்டாக்கலாம். அளவுகடந்து வீங்கிய இரைப்பை துவாரமடைதலும் அரிதாக நிகழ்ந்துள்ளது. அதே கவட்டையில் இடது சிறுநீரக நாளமும் நசுங்கினால் சிறுநீரில் குருதி தோன்றலாம்.

கண்டறிதலும் சிகிச்சையும்

பேரியம் என்னும் வெண்ணிறக் கலவையைப் பருகச் செய்து தொடர்ச்சியாக எக்ஸ்ரே படம் எடுப்பது நெடுங்காலமாக உள்ள வழியாகும். முன்சிறுகுடலின் மூன்றாம் பகுதியில், கத்தியால் வெட்டியது போன்று நேர்க்கோட்டில் கலவை தடைப்பட்டு நிற்பதையும், நோயாளியைக் குப்புறத் திருப்பியதும் அது நகர்வதையும் இதில் காணலாம். இன்று சி.ரி. ஸ்கான் மூலம் கோணத்தையும் இடைவெளியையும் அளவிடவும், கட்டி முதலிய வேறு காரணங்கள் இல்லை என்பதை உறுதிசெய்யவும் முடிகின்றது. நாடிகளை அல்ட்ரா சவுண்ட் மூலம் பார்ப்பது கதிர்வீச்சற்ற ஆரம்பப் பரிசோதனையாக உதவும். வாய்வழியாகக் குழாய் செலுத்திப் பார்க்கும் என்டொஸ்கொபி, புண்ணோ வேறு அடைப்போ உண்டா என்பதை அறிவதற்குத் தேவைப்படும். படமும் குணங்குறிகளும் ஒன்றோடொன்று பொருந்தினால் மாத்திரமே நோய் உறுதியாகின்றது.

சிகிச்சையைப் பொறுத்தவரை, அநேகருக்கு முதலில் வேண்டுவது கத்தியன்று, உணவேயாகும். மூக்கினூடாகக் குழாய் செலுத்தி இரைப்பையில் தேங்கியவற்றை வெளியேற்றுவர். குறைந்துபோன நீரையும் உப்புகளையும் குருதிநாளத்தினூடாக ஈடுசெய்வர். அதன்பின் மெல்லிய குழாயொன்றை அடைப்பைத் தாண்டி இடைச்சிறுகுடல் வரை செலுத்தி, அதனூடாகத் திரவ உணவை வழங்குவர். அதுவும் இயலாதபோது நாளத்தினூடாகவே போசணை அளிக்கப்படும். நிறை கூடக்கூட, கவட்டையினுள் கொழுப்பு மெத்தை மீண்டும் உருவாகிக் குடல் திறந்துகொள்கின்றது. இதற்குச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை செல்லலாம்.

வாயினால் உண்ணக்கூடிய நிலையிலுள்ளோர் ஒரே வேளையில் வயிறு நிறைய உண்ணாது, சத்துமிக்க உணவைச் சிறிது சிறிதாகப் பல வேளைகளில் எடுத்தல் வேண்டும். கஞ்சி, பால், கூழ் போன்ற நீர்த்தன்மையான உணவுகள் இடுக்கினூடாக எளிதில் செல்லும். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்ற பழமொழி இவர்களுக்கு மெய்யாகவே பொருந்தும். உண்டபின் மல்லாந்து படுக்காமல் இடப்பக்கமாகச் சரிந்தோ குப்புறவோ படுப்பது நன்மை தரும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென அதிக உணவைக் கொடுத்தல் உயிராபத்தை விளைவிக்கலாம். இரண்டாம் உலகப் போரின் முடிவில் விடுதலையான, பட்டினியால் வாடிய கைதிகள் சிலர் உணவு கிடைத்த பின்னரே இறந்தமை உலகறிந்த சோகமாகும். உணவு சென்றதும் குருதியிலுள்ள பொஸ்பேற்று, பொற்றாசியம், மக்னீசியம் என்பன சடுதியாகக் குறைந்து இதயமும் சுவாசமும் தளர்வதே இதற்குக் காரணம். எனவே, 'நன்றாகச் சாப்பிட வைத்தால் சரியாகிவிடும்' என எண்ணி வீட்டிலேயே திணிப்பது தகாது. கடுமையாக மெலிந்தவருக்கு வைத்தியசாலையிலேயே, தயமின் என்னும் விற்றமினை வழங்கி, குருதியைப் பரிசோதித்தவாறு, உணவைப் படிப்படியாகக் கூட்டுவர்.

இவ்வழிகளால் பயன் கிட்டாதபோதே சத்திரசிகிச்சை இடம்பெறுகின்றது. முன்சிறுகுடலை இடைச்சிறுகுடலுடன் இணைத்து, நசுங்கிய பகுதியைத் தவிர்த்து உணவு செல்ல வழி அமைப்பதே இன்று பெரிதும் விரும்பப்படும் முறையாகும். 1998ஆம் ஆண்டிலிருந்து இது சிறு துளைகளின் வழியாகவும் செய்யப்பட்டு வருகின்றது. இதற்கு உட்பட்டோரில் பத்தில் எட்டு, ஒன்பது பேர் நலமடைவதாக வெளியான அறிக்கைகள் கூறுகின்றன. குடலைத் தாங்கும் இணையத்தை வெட்டிக் குடலைக் கீழிறக்கும் முறையும் 1958ஆம் ஆண்டு முதல் கைக்கொள்ளப்படுகின்றது. எனினும் சத்திரசிகிச்சைக்கு முன்னரும் பின்னரும் போசணையே அடித்தளமாகும். மெலிவுக்கு மூலகாரணமான நோயையும் குணப்படுத்தாவிடின் வழி திறந்தும் பயனில்லை.

நாம் செய்ய வேண்டியவை

நமது நாட்டில் குழந்தை பிறந்த நாள் முதல் அதன் நிறை அளக்கப்பட்டு, சிறுவர் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டில் குறிக்கப்படுகின்றது. கோடு கீழே சரிந்தால் குடும்பநல உத்தியோகத்தர் தாயிடம் காரணம் கேட்கின்றார். பாடசாலை மருத்துவப் பரிசோதனையிலும் நிறை பார்க்கப்படுகின்றது. இவை பெருமைப்படத்தக்க ஏற்பாடுகளாகும். ஆனால், உயர்தரம் படிக்கும் மாணவி, ஆடைத் தொழிற்சாலைக்குச் செல்லும் யுவதி, படுக்கையிலிருக்கும் தந்தை ஆகியோரின் நிறையை ஒழுங்காக அளப்பவர் எவருமிலர். ஆறு மாதத்தில் பத்துக் கிலோ குறைந்த பின்னரும், 'உடுப்பு லூசாகிவிட்டது' என்பதற்கு மேல் எந்தப் பதிவும் இருப்பதில்லை.

ஆகவே, வளர்ந்தோரும் மாதமொரு முறையேனும் நிறையை அளந்து திகதியோடு குறித்து வைத்தல் நன்று. முயற்சி எதுவுமின்றி ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் உடல் நிறையில் இருபதில் ஒரு பங்கு குறைந்தால் காரணத்தை ஆராய வேண்டும் என்பது வைத்திய உலகின் பொதுவான நிலைப்பாடு. அவ்வாறு ஆராய்கையில் வெளிப்படுவது பெரும்பாலும் வில்கி நோயாக இராது. நீரிழிவு, காசநோய், தைரொயிட் கோளாறு, மனச்சோர்வு, புற்றுநோய் என்பன அதனிலும் பன்மடங்கு அதிகமாகக் காணப்படுவன. அவையும் காலத்தோடு கண்டறியப்பட வேண்டியவையே என்பதால் அந்தச் சிறு குறிப்பேடு வீண்போவதில்லை.

நோன்பும் விரதமும் நம் இரு சமூகத்தாரின் வாழ்வோடும் இரண்டறக் கலந்தவை. உடல்நலமுள்ளோர் அவற்றை முறைப்படி நோற்பதால் இந்நோய் வந்துவிடும் என அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும், ஏற்கனவே கடுமையாக மெலிந்து, உண்டதும் வாந்தியெடுக்கும் நிலையிலுள்ளவர் வைத்திய ஆலோசனையின்றி நோன்பிருத்தல் கூடாது. நோயுற்றவர் நோன்பைப் பிற்போடவும், குணமடையும் எதிர்பார்ப்பற்றவர் அதற்கு ஈடாக ஏழைக்கு உணவளிக்கவும் இஸ்லாம் இடமளிக்கின்றது. கந்தசஷ்டி போன்ற நாட்களில் நோயாளர் பாலும் பழமும் உட்கொண்டு விரதத்தை எளிதாக்கிக்கொள்வது நமது வீடுகளில் வழமையான ஒன்றே. சமயம் தரும் இச்சலுகையை நோயாளிக்கு எடுத்துக்கூற வேண்டியது வீட்டுப் பெரியோரின் கடமையாகும். வெட்கத்தினால் பிள்ளைகள் அதனைத் தாமாகக் கேட்பதில்லை.

வைத்தியரிடம் செல்லும்போது, வலி எப்போது தொடங்கியது, எந்த நிலையில் படுத்தால் தணிகின்றது, வாந்தியின் நிறம் யாது, நிறை எவ்வளவு குறைந்தது ஆகிய நான்கையும் எழுதிச் செல்லுங்கள். வெளிநோயாளர் பிரிவின் சில நிமிடங்களுக்குள் பத்து விடயங்களைக் கூற இயலாது. இந்த நான்கையும் கூறலாம். ஏற்கனவே செய்த பரிசோதனைகளில் எதுவும் தென்படவில்லை என்பது நோயே இல்லை என்பதற்குச் சான்றாகாது என்பதையும் மனங்கொள்ள வேண்டும்.

வில்கி நோய் அரிதானது. ஆனால், வலிக்கின்றது என்று கூறும் ஒருவரை நம்ப மறுப்பது நமது வீடுகளில் அரிதானதன்று. உணவுத் தட்டைத் தள்ளிவைக்கும் பிள்ளையை ஏசுவதற்கு முன்னர், உண்ண மனமில்லையா, உண்ண முடியவில்லையா என்று ஒருமுறை கேட்டு, அப்பிள்ளை கூறும் விடையைப் பொறுமையோடு செவிமடுக்க வேண்டும் என்பதே நமது வேண்டுகோளாகும்.